பிழையும் ஈடும்

ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதனை ஈடுசெய்ய வேண்டியவர் யார்? தீங்கு விளைத்தவரே என்று நாம் தயக்கமின்றி விடை கூறுவோம். நீதி பற்றி மனிதர் கொண்டுள்ள எண்ணங்களுள் மிகப் பழையதும் மிக எளியதும் இதுவாகும். எளிதாக இருப்பதனாலேயே இதனை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. ஆயினும் அன்றாட வாழ்விலே நிகழும் சிறு சம்பவம் ஒன்று சில வேளைகளில் இத்தகைய எண்ணங்களின் தையலைப் பிரித்துக் காட்டிவிடுகின்றது. அத்தகைய சம்பவம் ஒன்றை முதலிற் கூறி, அதிலிருந்து எழும் வினாவைப் பின்னர் ஆராய்வோம்.

நம் நண்பர் ஒருவர் பாடசாலை ஆசிரியர். கடன்பட்டு வாங்கிய பழைய கார் ஒன்று அவரிடம் உண்டு. ஒருநாள் காலை, சுன்னாகத்துக்கு அணித்தான புகையிரதக் கடவை ஒன்றில், கதவு மூடியிருந்தமையால் அவர் காரை நிறுத்திக் காத்திருந்தார். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி இரவு முழுவதும் ஓடிவந்த சிறிய லொறி ஒன்று பின்னால் வந்து அக்காரில் மோதியது. மோதிய வேகத்திற் கார் முன்னே தள்ளுண்டு, சந்தைக்குக் கீரைக் கடகத்துடன் போய்க்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை வீழ்த்தியது. அவருடைய வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

நண்பர்மேற் பிழை எதுவும் இல்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பொலிசார் அவ்வாறே குறித்துக்கொண்டனர். காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளரும் படம் எடுத்துக்கொண்டு அவ்வாறே சொல்லிச் சென்றார். நட்டஈட்டுக் கோரிக்கைப் பத்திரத்தை நிரப்பிக் கையொப்பமிடுவதே எஞ்சியிருந்தது. அன்று மாலை லொறியின் சாரதி நண்பரின் வீடு தேடி வந்தார்.

"மாஸ்டர், பிழை என்ரைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிறேக் சரியாப் பிடிக்குதில்லையெண்டு முதலாளியிட்டை மூண்டுதரம் சொல்லிப்போட்டன். அதைப் பொலிசிலை சொன்னா வேலை போயிடும். சொல்லாட்டிப் பிழை முழுக்க என்ரை தலையிலை."

மறுநாள் நண்பர் அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று மூதாட்டியைக் கண்டார். நட்டஈடு கேட்கலாம் என்று அவர் எடுத்துரைத்தபோது அவ்வாச்சி கூறிய மறுமொழி இது: "ஆரிட்டைப் போய்க் கேக்கிறது மோனை? எனக்கு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. கை மாறினாக் காணும்."

இம்மூவரையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போமாக. காரின் தகடு நெளிந்தது. அதனை நேராக்கப் பத்திரமும் மதிப்பீட்டாளரும் கம்பனியும் காத்திருக்கின்றன. மனிதர் ஒருவரின் கை முறிந்தது. அதற்காகக் காத்திருப்பவர் எவருமிலர். உண்மையை முழுமையாக அறிந்தவர் சாரதி ஒருவரே. அவரோ அதனை வெளியிட முடியாதவராக இருக்கிறார். இந்நிலை தற்செயலாக ஏற்பட்டதா, அன்றி நாம் ஏற்றுக்கொண்ட நீதி முறையிலிருந்தே பிறந்ததா?

மரபிலிருந்து தொடங்குவோம். வீதி விபத்துப் பற்றித் தமிழர் யாவரும் அறிந்த கதை ஒன்றுண்டு. மனுநீதிச் சோழனின் மகன் திருவாரூர் வீதியிலே தேரூர்ந்து செல்கையில் இளங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். பெரிய புராணம் கூறும் இக்கதையை நம் நாட்டு மகாவம்சம், அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. எதிரியாக எண்ணப்பட்ட மன்னனையும் அந்நூல் நீதிமானாகப் போற்றுவதற்கு இக்கதையும் ஒரு சான்றாகும்.

இக்கதையைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நாம் மன்னனை வியக்கிறோம், மகனுக்காக இரங்குகிறோம். பசுவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. ஓர் உயிருக்குப் பதிலாக மற்றோர் உயிர் போயிற்று. நீதியின் கணக்கு நேராயிற்று. பசுவின் இழப்பு இருந்தபடியே இருந்தது. பெரிய புராணத்திற் கன்று மீண்டும் எழுவதற்குச் சிவபெருமானே தோன்ற வேண்டியிருந்தது. தண்டனையினால் இழந்தவர்க்கு ஈடு கிடைக்காது என்பதைக் கதையைப் படைத்தோரே உணர்ந்திருந்தனர் போலும்.

குற்றவாளி யார் என்பது ஒரு வினா. இழந்தவருக்கு என்ன வேண்டும் என்பது வேறொரு வினா. முதலாவதற்கு விடை கண்டால் இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்று கருதுவதே நம் பழைய எண்ணத்திலுள்ள குறைபாடு.

இவ்வெண்ணம் சட்டத்திற் புகுந்த வரலாறு ஆராயத்தக்கது. இழப்புக்கு ஈடு கோரும் வழக்குகளில் இலங்கை நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுவது உரோம-ஒல்லாந்தச் சட்டமாகும். அதன் மூலவேர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டளவில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டத்தில் உள்ளது. பிறனுக்குரிய அடிமையையோ நாற்கால் மந்தை விலங்கையோ முறையின்றிக் கொன்றவன், அவ்வாண்டில் அதற்கிருந்த மிகவுயர்ந்த விலையை உடையவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதற் பிரிவு. அடிமையும் மாடும் ஒரே வரியில் நிற்கின்றனர். ஈடு பெறுபவன் உடைமையாளன்; அடிபட்டவன் பெறுவது ஒன்றுமில்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கோ விலையே இல்லை என்று உரோமச் சட்ட வல்லுநர் கருதினர். மேன்மையான கருத்துத்தான். ஆயினும் விலையில்லாத உடலுக்கு ஈடும் இல்லாமற் போயிற்று.

இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1837இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்று நமது லொறிச் சாரதியின் நிலையை நினைவூட்டுவது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாளான பிறீஸ்லி என்னும் இளைஞன், எசமானின் கட்டளைப்படி வண்டியிற் சென்றான். அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றப்பட்டிருந்த வண்டி உடைந்து அவனுடைய தொடையெலும்பு முறிந்தது. யூரிமார் அவனுக்கு 100 பவுண் நட்டஈடு வழங்கினர். மேல்மன்று அதனைத் தள்ளிவிட்டது. வண்டியின் நிலை எசமானுக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவுக்கு வேலையாளுக்கும் தெரிந்திருக்கும். ஆபத்தென்று கண்டால் அவன் அவ்வேலையை மறுத்திருக்கலாம் என்பது நீதிபதியின் வாதம். மறுத்தால் அன்றிரவு உணவுக்கு எங்கே போவான் என்ற கேள்வி அவ்வாதத்திற் புகவில்லை. பிழை யாருடையது என்னும் வினா, கேட்பவரின் வர்க்க நிலையிலிருந்தே விடை பெறுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழிலாளர் இயக்கம் வளர்ந்தபோது இந்நிலை மாறலாயிற்று. 1884இல் ஜேர்மனியிலும் 1897இல் பிரித்தானியாவிலும் புதிய சட்டங்கள் தோன்றின. ஜேர்மனியிற் பிஸ்மார்க் இதனைச் செய்தமைக்குச் சமதர்ம இயக்கத்தின் வலிமையைக் குன்றச் செய்யும் நோக்கமும் ஒரு காரணம். நோக்கம் எதுவாயினும் அச்சட்டங்களில் ஒரு புதிய கொள்கை இருந்தது. வேலையில் ஈடுபட்டிருக்கையிற் காயமடைந்த தொழிலாளி, முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை, காயமடைந்ததே போதும். இலங்கையிலும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இக்கொள்கையை ஏற்றது. ஆகவே அன்று கடவையிலே சாரதியின் கை முறிந்திருந்தால், பிழை யாருடையதாயினும், அவர் ஈடு கேட்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஆச்சிக்கோ முதலாளி எவருமிலர். தமக்குத் தாமே உழைத்தவர் ஆதலின் பிழையை நிரூபிக்கும் பழைய சுமை அவர்மேலேயே விழுந்தது.

வீதிகளைப் பொறுத்தவரை எடுக்கப்பட்ட வழி வேறு. வாகனம் வைத்திருப்போர் மூன்றாந்தரப்புக் காப்புறுதி செய்தேயாக வேண்டும் என்று பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டமும், இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் விதித்தன. தீங்கு விளைத்தவர் வறியவராயினும் பாதிக்கப்பட்டவர் ஈடு பெற வேண்டும் என்பது இதன் நோக்கம். வரவேற்கத்தக்க முன்னேற்றமே இது. ஆனால் இதனால் நிகழ்ந்த ஒழுக்கவியல் மாற்றத்தை நாம் கவனிப்பதில்லை. தீங்கு விளைத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை அன்றே முடிவுற்றது. இன்று ஈட்டைச் செலுத்துவது பிழை செய்தவரின் பணப்பை அன்று. வாகனம் வைத்திருக்கும் இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டுப்பணம் சேர்ந்த பொதுநிதியே அதனைச் செலுத்துகின்றது. சுமையைச் சமுதாயமே பகிர்ந்துகொள்கிறது. ஆனால் அந்நிதியின் வாயிலிலே பழைய காவற்காரன் இன்றும் நின்று "யாருடைய பிழை?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இக்கேள்வியினால் விளையும் கேட்டினைக் காண்பதற்குக் காப்புறுதி ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அவற்றில் வழக்கமாகக் காணப்படும் இரு நிபந்தனைகள் நம் கருத்துக்குரியவை. முதலாவது: விபத்து நேர்ந்தால், கம்பனியின் சம்மதமின்றிப் பிழையை ஒப்புக்கொள்ளலாகாது. இரண்டாவது: கம்பனி ஈடு செலுத்தியபின், செலுத்தப்பட்டவரின் இடத்திலே தானே நின்று, பிழை செய்தவரிடமிருந்து அப்பணத்தை அறவிடலாம், அவ்வுரிமைக்கு இடையூறான எதனையும் அவர் செய்யலாகாது.

வர்த்தக நோக்கிற் பார்த்தால் இரண்டும் நியாயமான நிபந்தனைகளே. மனித நோக்கிற் பார்ப்போம். தவறிழைத்தவன் "பிழை என்னுடையது" என்று கூறுவதும், இழந்தவன் "போகட்டும்" என்று மன்னிப்பதும் மனித ஒழுக்கத்தின் அடிப்படைச் செயல்கள். குடும்பமும் அயலும் நட்பும் இவற்றாலேயே நிலைத்திருக்கின்றன. முதலாவது நிபந்தனை ஒப்புக்கொள்ளும் உரிமையைப் பறிக்கின்றது. இரண்டாவது நிபந்தனை மன்னிக்கும் உரிமையைப் பறிக்கின்றது. கட்டுப்பணத்துடன் சேர்த்து இவ்விரண்டையும் நாம் கம்பனிக்குக் கையளித்துவிட்டோம். சாரதி இரவில் ஒளித்து வந்து உண்மை சொல்ல நேர்ந்தது இதனால்தான். நண்பர் அவரை மன்னிக்க விரும்பியும், அம்மன்னிப்பு எங்கும் செல்லுபடியாகாத நாணயமாயிற்று.

கம்பனிகள் தனியாருக்குரியனவாய் இருப்பதே இதற்குக் காரணம் என நம்மிற் சிலர் கூறக்கூடும். அது பாதி உண்மை. இலங்கையில் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962இல் ஆயுட் காப்புறுதியையும் 1964இல் ஏனைய காப்புறுதிகளையும் தனியுரிமையாக ஏற்றது. முற்போக்குச் சக்திகள் நெடுங்காலம் கோரிய நடவடிக்கை அது. 1988இலிருந்து தனியார் கம்பனிகள் மீண்டும் இடம்பெற்றன. 2003இல் விற்கப்பட்ட அக்கூட்டுத்தாபனம், 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் மீண்டும் அரசின் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களினூடும் உடைமையாளர் மாறினரேயன்றி, வாயிலிற் கேட்கப்பட்ட வினா மாறவில்லை. அரசுடைமை மட்டும் நீதியைத் தானாகக் கொணர்ந்துவிடும் என்று நம்பியிருந்தது நம் பக்கத்துப் பிழை. அதனை ஒப்புக்கொள்ள எந்த ஒப்பந்தமும் நம்மைத் தடுக்கவில்லை.

வினாவையே மாற்றிய நாடு ஒன்று உண்டு. நியூசீலந்தில் நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு 1967இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விபத்துகள் சமுதாய வாழ்வின் தவிர்க்கமுடியாத விளைவு. அவற்றின் சுமையைச் சமுதாயமே ஏற்றல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1972இல் சட்டம் இயற்றப்பட்டு, 1974 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. வேலைத்தலத்திலோ வீதியிலோ வீட்டிலோ விபத்தினாற் காயமடைந்தவர், பிழை யாருடையது என்று கேட்கப்படாமலே சிகிச்சையும் உதவியும் பெறுகின்றார். அதற்கு மாற்றாக, உடற்காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்காடும் உரிமை அங்கு நீக்கப்பட்டது. தொழில் கொடுப்போரும் உழைப்போரும் வாகன உடைமையாளரும் செலுத்தும் பணமும் அரசின் வரிப்பணமும் அந்நிதியை நிரப்புகின்றன.

அங்கே எல்லாம் நிறைவுற்றது என்று நாம் கூறவில்லை. வேலையிழந்திருக்கும் காலத்தில் வழங்கப்படும் வாராந்தக் கொடுப்பனவு, முன்னர் பெற்ற உழைப்பூதியத்தின் 80 சதவீதம். ஆகவே அதிகம் பெற்றவன் அதிகமும், குறைவாகப் பெற்றவன் குறைவாகவும் பெறுகின்றான். விபத்தினாற் கை இழந்தவனுக்குக் கிடைப்பது, நோயினாற் கை இழந்தவனுக்குக் கிடைப்பதில்லை. பிழை என்னும் காவற்காரனை அகற்றிய பின்னும் வருமானம் என்னும் காவற்காரன் நிற்கின்றான்.

இந்த இரண்டாங் காவற்காரனை நம் அயல்நாட்டிலும் காணலாம். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இற் சேர்க்கப்பட்ட அட்டவணை ஒன்று, ஊதியமில்லாத மனைவியின் உழைப்பைக் கணவனுடைய வருமானத்தின் மூன்றிலொரு பங்காக மதிப்பிட்டது. அதாவது, செல்வன் வீட்டில் ஆக்கிய சோறு பெறுமதி கூடியது; கூலிக்காரன் வீட்டில் ஆக்கிய சோறு பெறுமதி குறைந்தது. 2010இல் இந்திய உயர் நீதிமன்றமே இம்மதிப்பீட்டைக் கண்டித்தது. உரோமாபுரியில் அடிமைக்கு விலை குறித்த கை, அட்டவணை எழுதும் கையாக உருமாறியிருக்கிறது. ஆச்சிக்கு வருமான அத்தாட்சி எங்கிருந்து வரும்? நாற்பது ஆண்டுகள் சந்தையிற் கீரை விற்றதற்கு எந்தக் கந்தோரிற் பதிவு இருக்கின்றது?

இனி, நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படும் தடையை நோக்குவோம். பிழையைக் கேளாமல் ஈடு வழங்கினால் மக்கள் கவலையீனமாக நடப்பர். பொறுப்புணர்ச்சி அழிந்துவிடும் என்பது அத்தடை. பொறுப்புணர்ச்சி அழிவதை நாமும் விரும்பவில்லை. ஆயின் ஈடும் பிழையும் பிரிக்கப்பட்டால் பிழை மறைந்துவிடாது. தனக்குரிய இடத்துக்குச் செல்லும். அனுமதிப்பத்திரத்தை நீக்குவதும், தண்டம் விதிப்பதும், வாகனங்களைப் பரிசோதிப்பதும் அரசின் கடமைகள். அவை எவ்வாற்றானும் குறைய வேண்டியதில்லை. அன்றியும், காப்புறுதி இருக்கின்றது என்பதற்காகத் தன் உயிரையே பணயம் வைத்து வண்டியோட்டும் சாரதி யார்?

இத்துறையில் விமானப் போக்குவரத்து நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 13ஆம் இணைப்பின்படி, விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்து மீண்டும் நிகழாது தடுத்தல். எவர்மேலாவது பழியையோ பொறுப்பையோ சுமத்துதல் அதன் நோக்கமன்று. பழிக்கு அஞ்சுபவன் வாய் திறவான். வாய் திறவாவிடத்து உண்மை வெளிவராது. உண்மை வெளிவராவிட்டால் அடுத்த விமானமும் வீழும். இந்த அறிவு வானத்துக்கு வழங்கப்பட்டது; வீதிக்கு ஏன் மறுக்கப்பட்டது? கடவையில் நிகழ்ந்ததற்குக் காரணம் என்ன? பழுதான பிறேக், அதனைத் திருத்தாமல் மிச்சம்பிடித்த முதலாளி, உறக்கமின்றி இரவெல்லாம் ஓடவேண்டிய வேலை நேரம், காலைச் சந்தைக்கு முன் சேராவிட்டால் விலை விழுந்துவிடும் என்ற வர்த்தக நெருக்கடி. இவற்றுள் எதுவும் கோரிக்கைப் பத்திரத்தில் இடம்பெறவில்லை. அதில் இருந்தது "எதிர்த்தரப்புச் சாரதியின் பெயர்" என்ற ஒரு கட்டம் மட்டுமே.

இங்கு நம்மவரிடையே உள்ள பலவீனம் ஒன்றையும் சுட்டுதல் கடன். கார் திருத்துபவர் நண்பரிடம், கதவில் முன்னரே இருந்த பழைய நெளிவையும் இதனுடன் சேர்த்துவிடலாம் என்றார். கம்பனியை ஏமாற்றுவது சுரண்டலுக்கு எதிரான சிறு போராட்டம் என்று வேடிக்கையாகக் கூறும் தோழர்களும் உளர். அது போராட்டமன்று. அந்நிதி நம்போன்றோரின் கட்டுப்பணத்தால் ஆனது. பொய்க் கோரிக்கையின் செலவு அடுத்த ஆண்டின் கட்டுப்பணமாக நம்மிடமே திரும்பி வருகின்றது. உண்மையாகவே இழந்தவரும் சந்தேகத்துடன் விசாரிக்கப்படுகின்றார். நண்பர் பழைய நெளிவைச் சேர்க்கவில்லை.

அவர் செய்தது இது. சாரதியைச் சிக்கவைக்க விரும்பாமல், எதிர்த்தரப்பிடம் கோராது தம்முடைய சொந்தக் காப்புறுதியிலேயே ஈடு பெற்றார். பல ஆண்டுகளாகக் கோரிக்கை எதுவும் செய்யாதிருந்தமைக்காகக் கிடைத்துவந்த கழிவை அவர் இழந்தார். இதனாற் சாரதி தப்பினார் என்றே எண்ணியிருந்தார். சில மாதங்களின் பின்னர், தம்முடைய கம்பனி தம் பெயராலேயே லொறி உடைமையாளரிடம் பணத்தை அறவிட்டதையும், முதலாளி சாரதியை வேலையிலிருந்து நிறுத்தியதையும் அறிந்தார். லொறி இன்னொரு சாரதியுடன் ஓடுகின்றது. பிறேக் திருத்தப்பட்டதா என்பது எவருக்கும் தெரியாது.

ஆச்சியின் கை சற்றுக் கோணலாகவே பொருந்தியது. அவர் மீண்டும் சந்தையில் இருக்கிறார்; கடகத்தை இடக்கையால் தூக்குகிறார். வேலையற்றிருந்த வாரங்களில் நண்பரும் அயலவரும் கொஞ்சப் பணம் கொடுத்தனர். அவர் அதனை நன்றியுடன் பெற்றுக்கொண்டார். நம் மனத்தை உறுத்துவது அந்நன்றியே. அவருக்கு உரியதை அவர் இரந்து பெற நேர்ந்தது.

ஒவ்வொருவரும் தம்மளவில் நேர்மையாக நடந்த ஒரு சம்பவத்திலே நேர்மையற்ற முடிவு ஒன்று விளைந்தது. அவ்வாறாயின் திருத்தப்பட வேண்டியது தனிமனிதரின் ஒழுக்கம் மட்டுமன்று. அவர்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் ஏற்பாடும் ஆகும். காயமடைந்தவரிடம் "யாருடைய பிழை?" என்று கேட்குமுன் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் பொதுநிதி ஒன்றை வேண்டுவது கருணைக் கோரிக்கையன்று. நாம் ஏற்கெனவே செலுத்திக்கொண்டிருக்கும் பணத்தை நியாயமாகப் பங்கிடுமாறு கேட்கும் உரிமைக் கோரிக்கையே அது. அது நிறைவேறும் நாளிற்றான் சாரதி பகலிலே வந்து தம் பிழையையும் முதலாளியின் பிழையையும் அச்சமின்றிச் சொல்வார். நண்பர் மன்னிப்பதாயின் அம்மன்னிப்பும் செல்லுபடியாகும்.

எல்லாளனின் வாயிலிற் பசுவுக்கும் எட்டும்படி மணி ஒன்று தொங்கியது என்று கதை சொல்கிறது. நம் காலத்து வாயில்களில் மணி உண்டு. அதன் கயிறு பத்திரம் உள்ளவர் கைக்கு மட்டுமே எட்டுகின்றது. அக்கயிற்றை ஆச்சியின் இடக்கைக்கும் எட்டும்படி இறக்குவது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய ஒழுக்கவியல் வினா. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தங்கள் வகுப்பறைகளிலும் சங்கங்களிலும் விவாதிப்பார்களாக.